வீட்டிலிருந்தே எல்.எல்.ஆர்.: சப்மிட் பட்டனை அழுத்தும் முன்

கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் எடுத்தாகிவிட்டது. இதை வைத்து வீட்டிற்கு உபயோகமாக வேறு என்ன செய்யலாம் என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். மின் கட்டணம் கட்டியும் ரயில் டிக்கெட் எடுத்தும் பழகிய பிறகு, பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "பையனுக்கு எல்.எல்.ஆர். போடணும். நெட்டிலேயே போட்டுவிடலாமா?"

போடலாம். யாருக்கும் தனியாகப் பணம் கொடுக்காமல், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போடலாம். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். இது போன்ற படிவங்களைத் தயாரிப்பதுதான் என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். ஒரு படிவம் நீங்கள் தரும் தகவல் சரியான வடிவில் உள்ளதா என்று மட்டுமே பார்க்கும். உங்கள் வீட்டு வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

எல்.எல்.ஆர். என்றால் என்ன?

நாம் பேச்சு வழக்கில் எல்.எல்.ஆர். என்று சொல்வது பழகுநர் உரிமம். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள அரசு தரும் அனுமதி இது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இது 6 மாதங்களுக்குச் செல்லும. எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாட்கள் முடிந்த பிறகுதான், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டு போட்டுக் காட்டி, நிலையான ஓட்டுநர் உரிமம் பெற முடியும். ஆக, 30 நாட்களுக்கு முன்பும் கூடாது, 6 மாதங்களுக்குப் பின்பும் கூடாது. இரண்டு தேதிகளையும் கம்ப்யூட்டரில் உள்ள காலண்டரில் குறித்து வைத்துவிடுங்கள்.

வயது எத்தனை?

இங்குதான் பலரும் குழம்புகிறார்கள். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் சில மாதங்களுக்கு முன்பு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பாப்பாவுக்குப் பதினாறு முடிஞ்சிடுச்சு. கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறிலேயே எல்.எல்.ஆர். தர்றாங்களாமே, போட்டுக் கொடுத்துடேன்" என்றார். வீட்டில் என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஸ்கூட்டர், 110 சிசி. "அப்படின்னா முடியாதுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் நம்பவில்லை. சட்டத்தின் 4-ஆவது பிரிவை ஸ்கிரீனில் எடுத்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான். பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிளை மட்டும் 16 வயது முடிந்தவர் ஓட்டலாம். அதற்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

கியர் இல்லை என்பது ஒரு விஷயம், 50 சிசி என்பது வேறு விஷயம். 1980-ல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட் ஓடிய காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதனால் "கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறு" என்ற பேச்சு நம்மிடையே நிலைத்துவிட்டது. அதே வரிசையில் பின்னாளில் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் கிட்டத்தட்ட 100 சிசி. பெண் பிள்ளைகள் அதிகம் ஓட்டிய ஸ்கூட்டி பெப் பிளஸ் 88 சிசிக்கு அருகில். இன்று வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 அல்லது 125 சிசி. இவற்றில் ஒன்றைக்கூட 16 வயதுப் பிள்ளை சாலையில் ஓட்ட முடியாது.

உங்கள் வண்டி எத்தனை சிசி என்று தெரியவில்லையா? ஆர்.சி. புத்தகம் அல்லது கார்டை எடுத்துப் பாருங்கள். கியூபிக் கெப்பாசிட்டி என்ற இடத்தில் எண் இருக்கும்.

பாட்டரி வண்டிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும், 250 வாட்ஸுக்குக் குறைந்த மோட்டார் திறனும் கொண்டு, அதற்கான அரசுச் சான்றும் பெற்ற வண்டி, சட்டப்படி மோட்டார் வாகனமே ஆகாது. அதற்கு உரிமம் தேவையில்லை. இதைவிட வேகமாகச் செல்லும் மின் ஸ்கூட்டர்களுக்கு உரிமம் கட்டாயம். வாங்கும் முன் கடைக்காரரின் வாய்மொழியை நம்பாமல் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

படிவம் ஏன் தடுக்காது?

விண்ணப்பப் படிவத்தில் வாகன வகை என்ற பட்டியல் வரும். 16 வயதுப் பிள்ளையின் பிறந்த தேதியைக் கொடுத்து, 50 சிசி மோட்டார் சைக்கிள் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் படிவம் ஏற்றுக்கொள்ளும். வயதும் வகையும் பொருந்துகின்றன, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எல்.எல்.ஆர். கையில் கிடைத்ததும் பிள்ளை 110 சிசி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குக் கிளம்பினால், சட்டத்தின் கண்ணில் அது உரிமம் இல்லாமல் ஓட்டியதற்குச் சமம்.

இதன் விளைவு சிறியதல்ல. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டு, செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த 199ஏ பிரிவு, 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரையும் வண்டியின் உரிமையாளரையும் பொறுப்பாக்குகிறது. 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. பெற்றோர் பலர் கவனிக்காத இன்னொன்றும் அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை எல்.எல்.ஆரோ உரிமமோ தரப்பட மாட்டாது. படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் பல ஆண்டுகள் பஸ்ஸை நம்பியே இருக்க வேண்டும். பிள்ளையிடம் முறையான எல்.எல்.ஆர். அல்லது உரிமம் இருந்து, அதில் அனுமதிக்கப்பட்ட வண்டியையே ஓட்டியிருந்தால் பெற்றோருக்கு இந்தப் பொறுப்பு வராது. ஆகவே எந்த வகைக்கு உரிமம் என்பது வெறும் படிவ விவகாரம் இல்லை. விபத்தில் மற்றவருக்குக் காயம் ஏற்பட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் தான் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கவும் வழி உண்டு.

மளிகைக் கடை அண்ணாச்சி தன் மகளுக்கு 18 முடியும் வரை பொறுத்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் 50 சிசி வண்டி இல்லாதவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். 18 முடிந்தால் கியர் வண்டி, கியர் இல்லாத வண்டி, கார் என்று எதற்கும் விண்ணப்பிக்கலாம். இருசக்கர வண்டிக்கும் காருக்கும் ஒரே விண்ணப்பத்திலேயே கேட்கலாம்.

சரியான தளத்திற்குச் செல்வது எப்படி?

இதற்கான இணைய தளம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளம். அதில் உரிமங்களுக்கான பகுதியின் பெயர் சாரதி. தேடு தளத்தில் எல்.எல்.ஆர். என்று டைப் செய்தால் முதலில் வருபவை விளம்பரங்களாக இருக்கலாம். அரசுத் தளம் போலவே வண்ணம் பூசிக்கொண்டு பணம் வாங்கும் தனியார் தளங்களும் உண்டு. எனவே பிரவுசரின் முகவரிக் கட்டத்தைப் பாருங்கள். தளத்தின் பெயர் "பரிவாகன் டாட் ஜி.ஓ.வி. டாட் ஐ.என்." என்று முடிய வேண்டும். இந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. இதற்குப் பின் சாய்கோடு போட்டு ஏதேனும் தொடர்ந்தால் பரவாயில்லை. அரசு முடிவிற்குப் பிறகு இன்னொரு புள்ளியும் டாட் காமும் வந்தால் அந்த விண்டோவை உடனே மூடிவிடுங்கள்.

ஆர்.டி.ஓ. சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. பைல்களைத் திறக்கவே கூடாது. அவை போனில் உள்ள ஓ.டி.பி.யைத் திருடும் புரோகிராம்கள்.

தயார் செய்ய வேண்டியவை

1. பிள்ளையின் ஆதார் எண்ணும், ஆதாரோடு இணைக்கப்பட்ட மொபைல் போனும். பல வீடுகளில் அது அப்பாவின் எண்ணாக இருக்கும். ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே வரும். அப்பா வேலைக்குப் போன நேரத்தில் உட்கார்ந்தால் வேலை நடக்காது.

2. வயதுக்கும் முகவரிக்கும் சான்று. ஆதார் வழியில் சென்றால் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவை ஆதாரிலிருந்து தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும். அவற்றை அங்கே மாற்ற முடியாது. எனவே முதலில் ஆதார் கார்டையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருக்கும். 'ழ' எழுத்தை ஆங்கிலத்தில் எழுத ஒன்றில் 'இசட்', 'எச்' போட்டிருப்பார்கள், மற்றொன்றில் வெறும் 'எல்' இருக்கும். வேறுபாடு இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள். உரிமத்தில் ஏறிய எழுத்துப் பிழை, பாஸ்போர்ட் வரை கூடவே வரும்.

3. போட்டோவும் கையெழுத்தும், சிறிய அளவில். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் தனியாகவே பார்ப்போம்.

போட்டோவைச் சிறிதாக்குவது

மொபைல் போனில் எடுத்த படம் 4000 × 3000 பிக்ஸல் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பைலின் அளவு சில எம்.பி. வரும். தளம் கேட்பதோ சில கேபி. அளவுள்ள படம். எவ்வளவு கேபிக்குள், எத்தனை பிக்ஸல் என்ற வரம்பு அப்லோட் செய்யும் பக்கத்திலேயே தரப்பட்டிருக்கும். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் உள்ள பெயிண்ட் புரோகிராமிலேயே இதைச் செய்துவிடலாம். படத்தை பெயிண்டில் திறக்கவும். முகமும் தோளும் மட்டும் வருமாறு செலக்ட் செய்து கிராப் என்பதில் கிளிக் செய்யவும். பின்னர் ரீசைஸ் என்பதில் கிளிக் செய்யவும். தோன்றும் டயலாக் பாக்ஸில் பிக்ஸல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அகல உயர விகிதத்தைக் காக்கும் அமைப்பு இயங்கும் நிலையிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் முகம் நீண்டோ சப்பையாகவோ ஆகிவிடும். உதாரணமாக 420 × 525 ஆக மாற்றினால் புள்ளிகள் 2,20,500 ஆகக் குறைந்துவிடும். பிறகு சேவ் ஆஸ் சென்று, ஜேபெக் வகையில், வேறு பெயர் கொடுத்துச் சேமிக்கவும். பழைய பெயரிலேயே சேமித்தால் மூலப் படம் போய்விடும். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, படம் எடுத்து, இதே முறையில் சிறிதாக்கலாம்.

இந்த பைல்களை டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் திறந்து அதில் வையுங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் செய்தால், வேலை முடிந்ததும் ஆதார் நகலை அந்த கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

விண்ணப்பம்

சாரதி பக்கத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லேர்னர் லைசென்ஸ் பிரிவில் புதிய விண்ணப்பத்தைக் கிளிக் செய்யவும். ஆதார் வழியா, ஆதார் இல்லாமலா என்று கேட்கும். ஆதாரைப் பயன்படுத்தி அலுவலகம் செல்லாமல் பெறும் சேவைகள் பற்றிய அறிவிப்பு 2021 மார்ச் மாதம் வந்தது. படிவத்தை நிரப்பி சப்மிட் செய்ததும் ஒரு விண்ணப்ப எண் வரும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். இடையில் மின்சாரம் போனாலும், இந்த எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கட்டணம், மத்திய விதிகளில் 2016 இறுதியில் செய்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். மாநில அரசின் சேவைக் கட்டணம் இதனுடன் சேரலாம். மொத்தத் தொகை ஸ்கிரீனில் தெரியும். கட்டும்போது பாங்கில் பணம் கழிந்து, தளத்தில் கட்டவில்லை என்று காட்டினால் பதற வேண்டாம். பாங்கின் சர்வர் ஒன்று, துறையின் சர்வர் வேறு. பாங்க் சொன்ன பதில் துறைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். மறுபடியும் பணம் கட்டாமல், கட்டணப் பிரிவில் உள்ள வெரிபை பே ஸ்டேட்டஸ் என்பதில் கிளிக் செய்து, விண்ணப்ப எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சிரமம் என்று நினைப்பவர்கள், தமிழகத்தில் 2024 முதல் இ-சேவை மையங்கள் மூலமாகவும் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம்.

தேர்வை எழுத வேண்டியவர் யார்?

எல்.எல்.ஆருக்கு ஒரு தேர்வு உண்டு. சாலைக் குறியீடுகள், போக்குவரத்து விதிகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். குறைந்தது 60 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். சிலருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் தேர்வு நடக்கும். வீட்டிலிருந்தே எழுதும் வசதி உங்கள் விண்ணப்பத்திற்கு இருந்தால், தளமே அதற்கான இணைப்பையும் பாஸ்வேர்டையும் தரும். அப்போது கம்ப்யூட்டரில் வெப் கேமரா இருக்க வேண்டும்.

வீட்டில் எழுதும்போது ஓர் ஆசை வரும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்லிவிடலாம், அல்லது மவுஸை வாங்கி அவரே கிளிக் செய்துவிடலாம். சில இடங்களில் "நீங்க வரவே வேண்டாம், நாங்களே எழுதிடுறோம்" என்று பணம் வாங்கிக்கொள்ளும் ஆட்களும் உண்டு. தயவு செய்து இதை அனுமதிக்காதீர்கள். சிவப்பு வளையம் போட்ட வட்டக் குறி கட்டளையையோ தடையையோ குறிக்கும், முக்கோணம் எச்சரிக்கை செய்யும், நீலச் செவ்வகம் தகவல் சொல்லும். இந்த மூன்று வரி தெரியாத பிள்ளை, தலைகீழ் முக்கோணத்தைப் பார்த்து வழி விட வேண்டும் என்று புரிந்துகொள்ளாமல் மெயின் ரோட்டில் நுழையும். அங்கே வரும் லாரி டிரைவருக்கு நம் விண்ணப்ப எண் தெரியாது. உரிமம் தருவதற்கு முன் பிள்ளையின் அறிவைச் சோதிக்கும் முதல் இடம் இது. சாரதி தளத்தில் மாதிரித் தேர்வும் இருக்கிறது. பிள்ளையைத் தினம் அரை மணி நேரம், ஒரு வாரம் பழக விடுங்கள். தவறினால் மீண்டும் 50 ரூபாய் கட்டி எழுதலாம்.

எல் போர்டு நாமே தயாரிக்கலாம்

எல்.எல்.ஆர். தயாரானதும் பி.டி.எப். ஆக டவுண்லோட் செய்து, இரண்டு பிரதிகள் பிரிண்ட் எடுங்கள். பெயர், பிறந்த தேதி, வாகன வகை, முடியும் தேதி நான்கையும் சரி பாருங்கள்.

அடுத்து எல் போர்டு. விதிப்படி வண்டியின் முன்னும் பின்னும், 18 செ.மீ. சதுரத்திற்குக் குறையாத வெள்ளைப் பரப்பில், சிவப்பு நிற எல் எழுத்து இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 10 செ.மீ., தடிமன் 2 செ.மீ., அடிப்பாகத்தின் அகலம் 9 செ.மீ. இவற்றிற்குக் குறையக் கூடாது. வேர்ட் புரோகிராமில் கேபிடல் எல் டைப் செய்து, ஏரியல் எழுத்து வகையும் போல்டும் கொடுங்கள். எழுத்தின் அளவு காட்டும் கட்டத்தில் 72 வரைதான் பட்டியல் இருக்கும். கவலை வேண்டாம், அந்தக் கட்டத்தில் 520 என்று நீங்களே டைப் செய்து என்டர் தட்டவும். நிறம் சிவப்பு. ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, போதவில்லை என்றால் எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். மழையில் நனையாமல் இருக்க லாமினேட் செய்துவிடலாம்.

பழகும்போது உரிமம் உள்ள ஒருவர் உடன் இருந்து கற்றுத்தர வேண்டும். இருசக்கர வண்டியில் அவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. வகுப்புத் தோழனை ஏற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போவதற்கு எல்.எல்.ஆர். இடம் தராது. ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம்.

30 நாட்கள் காத்திருப்பதை வெறும் சம்பிரதாயமாக எண்ணாமல், தினமும் காலையில் ஒரு மணி நேரம் மைதானத்தில் ஓட்டப் பழக்குங்கள். எட்டு போடும்போது கால் ஊன்றாமல் திரும்ப அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். பிறகு அதே சாரதி தளத்தில் ஓட்டுநர் உரிமத்திற்கு விண்ணப்பித்துத் தேர்வு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். 30 வயதுக்குள் உரிமம் எடுப்பவருக்கு அது 40 வயது வரை செல்லும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்து, முதல் வேலையாக ஆர்.சி.யில் உள்ள சிசியையும், ஆதாரில் உள்ள பெயரையும் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தால், மவுஸைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடலாம்.